ஒரு விளக்குக்கு இரண்டு டிம்மர்

அத்தியாயம் 12

காலை பத்து பத்துக்கு அப்பா ஃபோன் செய்தார்.

"பாப்பா, இன்னிக்கு என்னை விட்டுடறாங்க. நாலு மணிக்கு."

பாப்பாவுக்கு நாற்பத்து நாலு வயது. அலுவலகக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில், ஏணியின் மேல் நின்று, ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டிருந்தாள். இருபத்திரண்டு வருடங்களாக அந்தக் கட்டடத்தின் எலெக்ட்ரீஷியன். கொண்டையில் எப்போதும் கரண்ட் பார்க்கிற ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். அதனால் எல்லோருக்கும் அவள் டெஸ்டர்தான். அப்பாவுக்கு மட்டும் பாப்பா.

"கண்ணு எப்படிப்பா இருக்கு?"

"ரெண்டும் புதுசு மாதிரி இருக்கு. வெள்ளை வெளிச்சம் பட்டாத்தான் ஊசியால குத்துது. கொஞ்ச நாளைக்கு அப்படித்தானாம். ஏழாம் நாற்காலிக்கும் அதே கதைதான்."

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து போட்டதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார வேண்டும். அப்பாவுக்கு ஆறாம் நாற்காலி. முதல் கண்ணுக்குப் போனபோதே பக்கத்து நாற்காலியோடு பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஓய்வுபெற்ற நூலகராம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரு மாதம் பேசியிருக்கிறார்கள்.

"மாடிப்படி விளக்கு எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"நல்லா இருக்குப்பா."

"நல்லா இருந்தா சரி. இல்லேன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

வைத்துவிட்டார்.

அவர் சொன்னது இதுதான்: இன்னொரு முறை அந்தப் படியில் கால் தடுமாறினால் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவேன். மூன்று வாரம் முன்பு, முதல் கண் அறுவை முடிந்து வந்த மறுநாள், விளக்கின் வெளிச்சம் கண்ணில் அடித்து இரண்டு படி சறுக்கி உட்கார்ந்தார். முழங்காலில் சிராய்ப்பு. அப்போது சொன்னது. கோபத்தில் சொல்கிறார் என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள்.

போன வாரம் வரை டெஸ்டரும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டாவது கண்ணுக்காக அவருடைய பையை அடுக்கும்போது துண்டின் மடிப்பில் அந்த விண்ணப்பம் கிடைத்தது. முழுக்க நிரப்பியிருந்தார். பிள்ளைகளில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. அதை எடுத்துத் தன் கருவிப் பைக்குள் ஒளித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்பா பையில் தேடியிருப்பார். ஆனால் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை உறுத்தியது.

அண்ணியைக் கூப்பிட்டாள்.

"மாடிப்படி விளக்கு எரியுதா அண்ணி?"

"எரியுதாவா? அது என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது. உங்க அண்ணன்கூட இந்த வயசுல கண்ணடிச்சதில்லை."

டெஸ்டர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

*

அப்பாவின் வீட்டில் பதினாலு படிகள். கீழே டெஸ்டரின் அண்ணன் பெரியவனும் அவன் மனைவியும். பெரியவன் தையற்காரன். மேலே தம்பி சின்னவனும் அப்பாவும். சின்னவன் வேன் ஓட்டுகிறான், கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்குப் படுக்கை மாடியில், சாப்பாடு கீழே. ஒரு நாளைக்கு ஆறு முறை அந்தப் படியில் ஏறி இறங்குகிறவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் பாதியைத் தாண்டுவதில்லை. சின்னவன் வெளியே போய்வரப் பின்பக்கம் ஒரு இரும்புப் படி இருக்கிறது. பதினொரு வாரத்துக்கு முன்பு, துணி மூட்டையை யார் படியில் வைப்பது, பழைய டயரை யார் படியில் வைப்பது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை. பெரியவன் தையல் சாக்கட்டியை எடுத்துவந்து ஏழாம் படியில் கோடு கிழித்தான். படிக்கட்டு திரும்புகிற அகலமான படி அது. கீழே ஏழு எனக்கு, மேலே ஏழு உனக்கு. அன்றோடு இருவருக்கும் பேச்சும் நின்றது. அப்பா விழுந்த அன்று மூட்டையும் போனது, டயரும் போனது. கோடு மட்டும் போகவில்லை. அழிந்தால் பெரியவன் மறுபடி கிழித்துவிடுவான். தையற்காரன் கோடு, நூல் பிடித்ததுபோல் இருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு டெஸ்டர் உள்ளே வந்தபோது அண்ணி படிக்கட்டின் அடியில் கைகட்டி நின்றிருந்தாள்.

"நீயே பாரு."

சுவரில் ஸ்விட்ச் இருந்த இடத்தில் புதுசாக ஒரு திருகு இருந்தது. டிம்மர். திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். அண்ணி திருகினாள். ஏழாம் படிக்கு மேலே சுவர் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கூடவே ஒரு ரீங்காரம். கண்ணாடிக் கூண்டுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல.

"இது எப்போ வந்தது?"

அண்ணி தையல் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். உள்ளே மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"நான்தான் மாட்டினேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பாவுக்குக் கண்ணு கூசுதுல்ல."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல அண்ணா?"

"ஞாயித்துக்கிழமையாவது நீ ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னுதான்."

டெஸ்டர் ஏழாம் படியில் ஏணியை விரித்து ஏறினாள். முதலில் பல்பு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்தாள். பொருந்தியிருந்தது. விளக்கின் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு ஹோல்டர். இரண்டிலும் எல்இடி பல்பு. ஒன்றின் கழுத்தில் டிம்மருக்கு ஏற்றது என்று அச்சிட்டிருந்தது. மற்றதில் இல்லை.

"அண்ணி, இது ரெண்டும் அண்ணன் வாங்கினதா?"

"ஒண்ணுதான் போட்டார். இன்னொண்ணு ஏற்கெனவே புதுசா எரிஞ்சுட்டு இருந்துச்சாம்."

"ஏற்கெனவே யார் போட்டாங்க?"

"தெரியலை. அந்தக் கூண்டு கோட்டுக்கு நேர் மேலதானே இருக்கு. யாருதுன்னு சொல்றது?" அண்ணி யோசித்தாள். "ஆனா ஒண்ணு. அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை கரண்ட் போச்சு. மத்தியானம் இதை மாட்டறதுக்காக இவர் ஃபியூஸைப் பிடுங்கினார். அதுக்கு முன்னாடி காலையில தானாப் போச்சு. இருபது நிமிஷத்துல தானா வந்துடுச்சு."

"பக்கத்து வீட்டுலயும் போச்சா?"

"இல்லையே. அங்க ஃபேன் ஓடிட்டுதான் இருந்துச்சு."

டெஸ்டர் மெதுவாகத் தலையைத் திருப்பி மாடியைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு ஸ்விட்ச் உண்டு. கீழே போட்டு மேலே அணைக்கலாம், மேலே போட்டுக் கீழே அணைக்கலாம். ஒரே விளக்குக்கு இரண்டு முனை.

ஏணியைவிட்டு இறங்கினாள். கோட்டைத் தாண்டி மேலே போனாள். பதினாலாம் படியின் சுவரில், ஸ்விட்ச் இருந்த இடத்தில், புதுசாக ஒரு திருகு.

சின்னவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். தூக்கக் கண்.

"என்னக்கா?"

"இதை யாருடா மாட்டினது?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை காலையில. அப்பாவுக்கு..."

"கண்ணு கூசுதுன்னு."

"ஆமா. எப்படித் தெரியும்?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

*

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே வேலை செய்தாலும் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வாள். பலகையில் எழுதி மாட்டிய எச்சரிக்கையை யாராவது படிக்காமல் போகலாம். பையில் இருக்கும் ஃபியூஸை யாரும் போட முடியாது.

கரண்ட் இருக்கிற பிளக்கில் கொண்டை டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்தாள். பிறகு மீட்டருக்குப் பக்கத்திலிருந்த மெயின் ஃபியூஸைப் பிடுங்கினாள். வீடு இரண்டாகப் பிரிந்திருந்தாலும் மீட்டர் ஒன்றுதான். அதே பிளக்கில் டெஸ்டரை மறுபடி வைத்தாள். எரியவில்லை. ஃபியூஸின் பீங்கான் கட்டை அவள் பைக்குள் போனது.

கீழே மெஷின் நின்றது. மேலே ஃபேன் நின்றது.

வெயில் நேரம். ஐந்து நிமிடத்தில் பெரியவன் கழுத்தில் டேப்போடு வெளியே வந்து ஆறாம் படியில் உட்கார்ந்தான். பத்து நிமிடத்தில் சின்னவன் பனியனோடு இறங்கிவந்து எட்டாம் படியில் உட்கார்ந்தான். அந்த வீட்டில் காற்று வரும் ஒரே இடம் படிக்கட்டு ஜன்னல். நடுவே கோடு. கோட்டின் மேல் ஏணி. ஏணியின் மேல் டெஸ்டர்.

"எப்போக்கா கரண்ட் வரும்?" என்றான் சின்னவன், ஜன்னலைப் பார்த்து.

"அவனைவிட எனக்குத்தான் அவசரம், ஒரு கோட்டு தைச்சு முடிக்கணும்னு சொல்லு," என்றான் பெரியவன், சுவரைப் பார்த்து.

டெஸ்டர் இறங்கி மேலும் கீழும் போய் இரண்டு டிம்மரின் தகட்டையும் கழற்றினாள். இரண்டிலும் ஒயர் இணைப்பு சுத்தமாக இருந்தது. பெரியவன் முறுக்கிய ஒயர் நுனி தையல் மாதிரி சீராக இருந்தது. சின்னவன் திருகாணியை வேன் சக்கரத்துக்கு முறுக்குவதுபோல் முறுக்கியிருந்தான். வேலையில் குற்றமில்லை.

"என்னதான் தப்பு?" என்றாள் அண்ணி கீழேயிருந்து.

"தப்பு ஒயர்ல இல்லை அண்ணி. ஒரு விளக்குக்கு ஒரு டிம்மர்தான் இருக்கணும். மறுமுனையில சாதா ஸ்விட்ச். இவங்க ஆளுக்கு ஒண்ணு மாட்டி வெச்சிருக்காங்க. இவர் கரண்டை நறுக்கிக் கொடுக்கிறார். அதை அவன் மறுபடி நறுக்குறான். ஒரே வண்டிக்கு ரெண்டு ஸ்டியரிங். விளக்கு எந்தப் பக்கம் போகும்?"

சின்னவன் தலையைச் சொறிந்தான்.

"அப்போ ஒண்ணைக் கழட்டணும்," என்றான் பெரியவன். "மேல இருக்கிறதைக் கழட்டச் சொல்லு."

"கீழ இருக்கிறதைக் கழட்டச் சொல்லுக்கா. நான்தான் முதல்ல மாட்டினேன்."

"எது நல்ல சாமான்னு பார்க்கச் சொல்லு. என்னுது கனமா இருக்கும்."

"கனமா இருந்தா? எடைக்கா போடப் போறோம்னு கேளுக்கா."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியாம ஒருத்தன் ஃபியூஸைப் பிடுங்கியிருக்கான். அதை முதல்ல கேளு."

"அவர் பிடுங்கினப்போ மட்டும் எனக்குச் சொல்லிட்டா பிடுங்கினார்?"

டெஸ்டர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வாய் வலிக்குது," என்றாள். "ஒன்பதாம் மாடியில கூட இவ்வளவு தூரம் ஒயர் இழுத்ததில்லை. நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசற வரைக்கும் ஃபியூஸ் என் பையிலதான்."

ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. சின்னவன் பனியனை உதறிக்கொண்டான். பெரியவன் டேப்பைச் சுருட்டினான், பிரித்தான், சுருட்டினான்.

மணி ஒன்றரை. இப்படியே உட்கார்ந்திருந்தால் நாலு மணி வந்துவிடும். அப்பா இருட்டுப் படியில் ஏற வேண்டும். இல்லை, கண்ணடிக்கிற விளக்கில் ஏற வேண்டும். தடுமாறினால் அந்தக் காலி இடத்தில் கையெழுத்துக் கேட்பார். எதிர்த்துப் பேசாதவள் அவள்தான். அவளிடம்தான் கேட்பார்.

அவள் கருவிப் பையைத் திறந்தாள். விண்ணப்பத்தை எடுத்து, மடிப்பை நீவி, ஏழாம் படியில் கோட்டின் மேல் வைத்தாள்.

"அப்பா பையில இருந்துச்சு. போன வாரம்."

பெரியவன் குனிந்து படித்தான். மேலேயிருந்து தலைகீழாகச் சின்னவன் படித்தான். அண்ணி நாலு படி ஏறிவந்து பெரியவன் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

அப்பாவின் பெரிய எழுத்து. பெயர், வயது, தொழில். மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள். எப்போதிலிருந்து தங்க விருப்பம் என்ற இடத்தில், முடிந்தவரை சீக்கிரம்.

"விளையாட்டுக்குச் சொன்னார்னு நினைச்சேன்," என்றான் சின்னவன்.

"கண்ணு தெரியாம எழுதியிருக்கார் பாரு," என்றாள் அண்ணி. "அறைங்கிற இடத்துல, இரண்டு பேர் தங்கும் அறைன்னு டிக் போட்டிருக்கார். பக்கத்துக் கட்டத்துல போட வேண்டியது."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"கையெழுத்து யார் போடணும்?" பெரியவன் கேட்டான்.

"பிள்ளைங்கள்ல யாராவது ஒருத்தர்."

"நான் போட மாட்டேன்."

"நானும் போட மாட்டேன்," என்றான் சின்னவன்.

பதினொரு வாரத்தில் அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அது. அது அவர்களுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. பெரியவன் தொண்டையைச் செருமினான். சின்னவன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

"பல்பு டப்பா இருக்காண்ணா?" என்றான். "எத்தனை வாட்டுன்னு அதுல போட்டிருக்கும்."

பெரியவன் எழுந்தான். ஒரு நொடி நின்றான்.

"இருக்கு. ஜோடியா வாங்கினேன். ஒண்ணு மிச்சம் இருக்கு."

*

பிறகு வேலை வேகமாக நடந்தது.

பெரியவனின் டிம்மர் கனமானதுதான். பழைய ரகம். குறைந்தது அறுபது வாட்டாவது வேண்டும் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. பல்பு இரண்டும் சேர்ந்தே பதினெட்டு வாட்டு.

"கோட்டுத் துணி ஊசியில மெல்லிசுத் துணி தைச்சா என்ன ஆகும்?" என்றாள் டெஸ்டர்.

"இழுத்துச் சுருங்கிடும்," என்றான் பெரியவன். உடனே புரிந்துகொண்டான். "அப்போ தம்பியோடது?"

"அது எல்இடிக்குன்னே உள்ளது. அதுதான் நிக்கும்."

சின்னவன் மார்பை நிமிர்த்தினான்.

"ரொம்ப நிமிராதே. உன் பல்பு டிம்மருக்கு ஆகாதது. அதைக் கழட்டணும். அண்ணன் பல்புதான் சரி."

மார்பு இறங்கியது. பெரியவன் மீசையைத் தடவிக்கொண்டான்.

ஆக, தம்பியின் திருகு, அண்ணனின் பல்பு. மிச்சம் கீழ் முனைக்கு ஒரு சாதா ஸ்விட்ச் வேண்டும். இருவழி ஸ்விட்ச், மூன்று இணைப்பு உள்ளது. கடைக்குப் போனால் அரை மணி நேரம் ஆகும். பெரியவன் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தான். நூற்றுக்கணக்கான பட்டன், கொக்கி, அறுந்த ஜிப். அடியில் அவன் சுவரிலிருந்து கழற்றிய அந்தப் பழைய ஸ்விட்ச்.

"எதையும் தூக்கிப் போட மாட்டார்," என்றாள் அண்ணி. "முதல் தடவையா உபயோகப்பட்டிருக்கு."

டெஸ்டர் அதைப் பொருத்தும்போது பெரியவன் தகட்டைப் பிடித்தான். மேலே டிம்மரை மூடும்போது சின்னவன் திருகாணி எடுத்துக் கொடுத்தான். ஏணியை எடுத்தபோது அதன் கால் இழுபட்டு, சாக்கட்டிக் கோடு பாதி அழிந்தது. பெரியவன் பார்த்தான். அவன் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கே சாக்கட்டி இருந்தது. கையை வெளியே எடுத்து மூக்கைச் சொறிந்துகொண்டான்.

இரண்டரைக்கு ஃபியூஸ் உள்ளே போனது.

டெஸ்டர் திருகைக் கடைசி வரை இறக்கினாள். வெளிச்சம் கொஞ்சம் நடுங்கியது. டிம்மரின் ஓரத்தில் கடுகளவு ஒரு திருகாணி இருந்தது. அதை ஊசி முனை அளவு திருப்பினாள். நடுக்கம் நின்றது. ரீங்காரம் இல்லை. பதினாலு படியின் விளிம்பும் தெளிவாகத் தெரிந்தது, கண்ணில் எதுவும் அடிக்கவில்லை.

அண்ணி ஏழாம் படி வரை ஏறி விளக்குக்குக் கீழே நின்றாள். அங்கே நின்று பதினொரு வாரம் ஆகிவிட்டது.

"இந்த வெளிச்சத்துல நான் பத்து வயசு குறைவாத் தெரியறேன்ல?"

"பதினஞ்சு," என்றான் பெரியவன் உஷாராக.

"மேல போய்ப் பார்க்கட்டுமா? அந்த வீட்டைப் பெருக்கி எத்தனை நாள் ஆச்சோ. மாடிக்கு ஒரு பொம்பளை வந்தாத்தான் அது உருப்படும்." சின்னவனைப் பார்த்தாள். "உன்னைத்தான் சொல்றேன். எத்தனை பொண்ணு பார்த்தாச்சு?"

"அண்ணி, நான் வேன் எடுக்கணும்," என்றான் சின்னவன்.

மூன்றரைக்கு அவன் வண்டியைக் கிளப்பினான். கிளம்பப் போன வேனின் முன் கதவைத் திறந்து பெரியவன் ஏறி உட்கார்ந்தான்.

"எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு," என்றான்.

என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

*

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா வந்தார். கறுப்புக் கண்ணாடி, புதுசாக வாரிய தலை. இரண்டு பிள்ளைகளும் இரண்டு பக்கமும் பிடிக்க வந்தார்கள்.

"விடுங்கடா. ஏறுறது நான்."

படிக்கட்டின் அடியில் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. கை சுவரைத் தொடவில்லை. ஏழாம் படியில் நின்று தலையை நிமிர்த்தி நேராக விளக்கைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கவில்லை. காலடியில் பாதிக் கோட்டைப் பார்த்தார். பதினாலாம் படி வரை ஏறினார். திரும்பி இறங்கிவந்தார். மறுபடி ஏழாம் படிக்கு ஏறினார்.

"ஊசி குத்தலை," என்றார். "யார் செஞ்சது?"

"தம்பி டிம்மர்," என்றான் பெரியவன்.

"அண்ணன் பல்பு," என்றான் சின்னவன்.

"ஓஹோ. பேச்சு வார்த்தையெல்லாம் உண்டா?" அப்பா டெஸ்டரைப் பார்த்தார். "நீ என்ன செஞ்சே பாப்பா?"

"ஃபியூஸைப் பிடுங்கினேன்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அதைக் கேட்டதும் அவளுக்குத் தைரியம் வந்தது. பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தாள்.

"இதைக் கிழிச்சிடவாப்பா?"

"உன்கிட்டதான் இருக்கும்னு தெரியும். கிழிச்சிடு. படி நல்லா இருக்கு. இனிமே அங்க எதுக்குப் போகணும்?"

அவள் இரண்டாகக் கிழித்தாள். நாலாகக் கிழித்தாள். பெரியவன் மூச்சு விட்டது கீழே வரை கேட்டது.

"நல்லவேளை மாமா," என்றாள் அண்ணி. "அதுலயும் கண்ணு தெரியாம இரண்டு பேர் அறைன்னு டிக் போட்டு வெச்சிருந்தீங்க."

"கண்ணு தெரியாமலா? சரியாப் பார்த்துத்தான் போட்டேன்."

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் டெஸ்டரைப் பார்த்தான். அவள் கையில் நாலு துண்டுக் காகிதம்.

அப்பா ஒரு கையால் தலையைக் கோதிக்கொண்டார். விளக்கை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏழாம் நாற்காலி அம்மாவுக்கும் இந்த வெளிச்சம் ஒத்துக்கும். நாளைக்கு அவங்களை டிஸ்சார்ஜ் பண்றாங்க. இங்கேயே வந்துடுங்கன்னு சொல்லிட்டேன். யார் போய்க் கூட்டிட்டு வர்றீங்க, பெரியவனா, சின்னவனா?"